வீட்டில் மார்ஃபின் மாத்திரை வைத்திருக்கலாமா? சட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோய் வலிக்கு மார்ஃபின் மாத்திரை எழுதிக்கொடுத்தால், அட்டையைக் கையில் வாங்கும்போதே குடும்பத்தாருக்கு முகம் மாறிவிடும். வலியைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால், "போலீஸ் பிரச்சினை வருமா சார்?" என்றுதான் கேட்பார்கள். நான் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நோய்த்தணிப்புக் குழு ஒன்றோடு போய்வருகிறேன். அப்படிப் போகிற வீடுகளில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்குத்தான் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். இதில் உள்ளது இந்தியச் சட்டம்.

டாக்டர் எழுதிக்கொடுத்த மார்ஃபினை வீட்டில் வைத்திருப்பது குற்றமா?

இல்லை. பயத்துக்கெல்லாம் காரணமாகச் சொல்லப்படுவது 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், அதாவது என்.டி.பி.எஸ். சட்டம். அந்தச் சட்டத்தின் 8-ஆவது பிரிவு போதைப்பொருளை வைத்திருக்கக் கூடாது, விற்கக் கூடாது, கொண்டுபோகக் கூடாது என்று தடுக்கிறது. ஆனால் தடுக்கும் அதே பிரிவுதான், மருத்துவத் தேவைக்கும் அறிவியல் தேவைக்கும் விதிகளின்படி வைத்திருப்பதற்கு விலக்கும் தருகிறது. முதல் பாதி எல்லோர் காதுக்கும் எட்டிவிட்டது. பின்பாதி எட்டவில்லை.

2014-இல் சட்டத்தைத் திருத்தியபோது 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று தனியாக ஒரு வகையையே உண்டாக்கினார்கள். 2015 மே மாதம் அதில் ஆறு மருந்துகள் அறிவிக்கப்பட்டன: மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், கோடீன், ஹைட்ரோகோடோன். தனக்கென்று முறைப்படி வழங்கப்பட்ட மருந்தை நோயாளி வைத்திருக்கலாம் என்று அதே ஆண்டில் வந்த விதிகள் நேராகவே சொல்கின்றன. இதற்கு நோயாளியோ குடும்பத்தாரோ உரிமம் எதுவும் எடுக்க வேண்டாம். காவல் நிலையத்தில் சொல்லிவைக்கவும் வேண்டாம்.

எவ்வளவு வைத்துக்கொள்ளலாம்?

என்.டி.பி.எஸ். விதிகளில் 52-ஏ விதி சொல்லும் அளவு இது: ஒரே தடவையில் அந்த நோயாளியின் உபயோகத்துக்கென்று எவ்வளவு விற்கப்பட்டதோ வழங்கப்பட்டதோ, அவ்வளவு. எண்ணிக்கை எதுவும் போடவில்லை. 10 மில்லிகிராம் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுப்பவருக்கு ஒரு நாளைக்கு ஆறு மாத்திரை ஆகும். 15 நாளைக்குக் கொடுத்தால் 90. அந்த 90 மாத்திரையும் வீட்டில் இருப்பது முழுக்கச் சரியானதே.

சிக்கல் மிச்சத்தில்தான் வரும். டாக்டர் அளவைக் கூட்டி 30 மில்லிகிராம் மாத்திரைக்கு மாற்றியிருப்பார், பழைய 10 மில்லிகிராம் அட்டைகள் இரண்டும் அலமாரியிலேயே கிடக்கும். அடுத்த மாதம் இன்னும் கொஞ்சம் சேரும். இப்படிச் சேர்ந்துகொண்டே போவது விதியின் நோக்கத்துக்கு ஒத்துவராது, வீட்டுக்கும் நல்லதில்லை. அடுத்த முறை மருந்து வாங்கப் போகும்போது மிச்சத்தை எண்ணி, எண்ணிக்கையைச் சொல்லுங்கள். தேவையில்லாத அட்டைகளை மருந்து கொடுத்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்து, கொடுத்ததை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

5 கிராம் வரை வைத்திருந்தால் ஒன்றும் செய்ய மாட்டார்களாமே?

இது தவறான, ஆபத்தான பேச்சு. மார்ஃபினுக்கு 5 கிராம் 'சிறிய அளவு', 250 கிராம் 'வணிக அளவு' என்று அறிவிப்பு இருப்பது உண்மை. ஆனால் அது தண்டனையின் அளவைத் தீர்மானிக்கும் கணக்கு. அவ்வளவு வரை அனுமதி என்று அதற்குப் பொருள் இல்லை. மருத்துவக் காரணம் இல்லாமல் சிறிய அளவு வைத்திருந்தாலும் ஓர் ஆண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அதற்கு மேல் போய், வணிக அளவுக்குக் கீழே என்றால் 10 ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

எடை பார்ப்பதிலும் பலர் தவறு செய்கிறார்கள். மாத்திரையில் 10 மில்லிகிராம் மார்ஃபின்தானே இருக்கிறது என்று அதை மட்டும் கூட்டிப் பார்க்கிறார்கள். போதைப்பொருளோடு கலந்திருக்கும் மற்றப் பொருளின் எடையையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும் என்று 2020-இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அப்படியானால் மாத்திரையின் முழு எடையும் கணக்கில் வரும். ஆகவே கிராம் கணக்கு பார்த்துத் தைரியம் கொள்ளாதீர்கள். உங்களுக்குப் பாதுகாப்பு மருந்துச் சீட்டுதான்.

சீட்டு அவ்வளவு முக்கியமா? பில் போதாதா?

மிக முக்கியம். மற்றக் குற்ற வழக்குகளில் குற்றத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். என்.டி.பி.எஸ். சட்டத்தின் 54-ஆவது பிரிவின்படி, பொருள் ஒருவர் வசம் இருந்தது என்று காட்டப்பட்டுவிட்டால், அது எப்படி வந்தது என்று திருப்தியாக விளக்க வேண்டிய பொறுப்பு அவருடையதாகிவிடும். அந்த விளக்கத்தை உங்களுக்காகச் சொல்வது அந்த ஒரு தாள்தான்.

சீட்டில் டாக்டரின் கையெழுத்தும் தேதியும் இருக்கிறதா, நோயாளியின் பெயரும் முகவரியும் இருக்கிறதா, மொத்தம் எவ்வளவு மருந்து, எந்த அளவில் எடுக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். மருந்துகள் விதிகள் கேட்பது இவற்றைத்தான். டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் உள்ள முத்திரை இருந்தால் இன்னும் நல்லது. அவசரத்தில் முகவரியை விட்டுவிடுவார்கள். நின்று கேட்டு எழுதி வாங்குங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

சீட்டு, பில், மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல், நோயாளியின் ஆதார் நகல் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு மருந்தோடு சேர்த்தே வையுங்கள். மருந்து ஓர் இடம், சீட்டு ஓர் இடம் என்று பிரிக்காதீர்கள். சீட்டைக் கைப்பேசியில் படமெடுத்து, கவனித்துக்கொள்ளும் இன்னொருவருக்கும் அனுப்பிவிடுங்கள். நோயாளி படுக்கையில் இருக்க, மகனோ மனைவியோதான் மருந்தை வாங்கி வருவார்கள். அவர்கள் கையில் இருந்தாலும் அது நோயாளியின் மருந்துதான் என்பதைக் காட்ட இந்தக் கவர் போதும்.

வீட்டில் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதா?

வீட்டுக்கு அப்படி ஒரு விதி எழுதப்படவில்லை. இருந்தாலும் பூட்டி வையுங்கள் என்றே சொல்வேன். ஒரு டோஸ் கூடுதலாகப் போனால் வயது வந்தவருக்கே மூச்சு மந்தமாகிவிடும் மருந்து இது. குழந்தைக்கு ஒரு மாத்திரையே ஆபத்து.

பயத்தில் ஒளித்து வைப்பதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். திருச்சிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வாய்ப்புற்று முற்றிய ஒருவர் கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். தாடை வீங்கிப் பேச முடியவில்லை. கையால் கட்டில் சட்டத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை என்றார் மனைவி. மாத்திரை எங்கே என்று சிஸ்டர் கேட்டபோது அவர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு, அரிசி டிரம்மைத் திறந்து முழங்கை வரை கையை விட்டு, மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை எடுத்தார். அட்டையில் சிவப்பு எழுத்து இருந்ததாம். அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் "இது போதை மாத்திரை, பிடிச்சிட்டுப் போயிடுவான்" என்று சொல்லியிருக்கிறார். அட்டையைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் முடிந்து வைத்திருக்கிறார் அந்த அம்மா. தவிடு ஒட்டி, ஈரம் பட்டு, பாதி மாவாகிவிட்டது. "அவருக்கு ரொம்ப முடியாதப்ப மட்டும் பாதி குடுத்தேன் சார்" என்றார். தினமும் ஆறு வேளை போக வேண்டிய மருந்து அது.

அந்தச் சிவப்பு எழுத்து 'என்ஆர்எக்ஸ்' என்ற குறி. போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்து, டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மருந்துக்கடைக்காரருக்குச் சொல்வதற்காக அச்சிடுவது. நோயாளியைக் குற்றவாளியாக்கும் முத்திரை இல்லை. அதைக் கிழித்து எறிந்தால்தான் மருந்து அடையாளமில்லாத வெள்ளை மாத்திரையாகி, கேட்பவருக்குச் சந்தேகம் வரும்.

எனவே அட்டையிலிருந்து பிரிக்காதீர்கள், வேறு டப்பாவில் கொட்டாதீர்கள். பீரோவில் உள்ளறை இருந்தால் அதில் வைத்துப் பூட்டுங்கள். பீரோ இல்லாத வீட்டில், சின்னப் பூட்டு போடக்கூடிய தகர டப்பாவைக் குழந்தைக்கு எட்டாத பரண் ஓரத்தில் வைக்கலாம். வெயில் படாத, ஈரமில்லாத இடமாக இருக்க வேண்டும். அடுப்படியும் குளியலறையும் வேண்டாம். சாவி ஒருவரிடம் இருக்கட்டும், அது எங்கே இருக்கிறது என்று இன்னொருவருக்குத் தெரிந்திருக்கட்டும். நடுராத்திரி வலி வரும்போது சாவியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போடுங்கள். தேதி, நேரம், கொடுத்த மாத்திரை, மீதி எண்ணிக்கை. சட்டம் இதைக் கேட்கவில்லை. ஆனால் மீதி குறைந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். டாக்டருக்கும் அந்த நோட்டைப் பார்த்தால் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று தெரியும்.

தூக்க மாத்திரை, டிரமடால் என்ற வலி மாத்திரை, இவற்றுக்கும் இதே விதியா?

இவை 'மனமயக்கப் பொருள்கள்' என்ற வேறு வகையில் வரும். அல்பிரஸோலம், டயஸிபாம், குளோனஸிபாம், ஸோல்பிடெம் எல்லாம் இந்த வகைதான். டிரமடால் 2018 ஏப்ரலில் சேர்க்கப்பட்டது. இவற்றுக்கு எண்ணிக்கை உண்டு. விதி 66-இன்படி ஒருவர் தன் சொந்த மருத்துவத் தேவைக்கு ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்கலாம். நீண்டகாலச் சிகிச்சைக்கென்று டாக்டர் குறிப்பிட்டு எழுதியிருந்தால் 300 வரை போகலாம். வலிப்பு நோய்க்கோ பதற்ற நோய்க்கோ மாதக்கணக்கில் மருந்து எடுப்பவர்கள், வெளியூர் டாக்டரிடம் மூன்று மாத மருந்தை மொத்தமாக வாங்கும்போது இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

பக்கத்துத் தெருவில் ஒருவர் வலியில் துடிக்கிறார். எங்களிடம் இருப்பதில் இரண்டு கொடுக்கலாமா?

கூடாது. இந்தக் கேள்வியை இரக்கத்தோடுதான் கேட்கிறார்கள், அதனால் பதில் சொல்வது கஷ்டமாக இருக்கும். ஆனால் விதி உங்களுக்குத் தரும் பாதுகாப்பு 'அவரது உபயோகத்துக்கு' என்ற சொல்லில்தான் நிற்கிறது. காசு வாங்காமல் கொடுத்தாலும் மருந்து அந்தப் பாதுகாப்பைத் தாண்டிவிடுகிறது. வாங்கியவரிடமும் சீட்டு இருக்காது. இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆறு மாதமாக எடுத்துப் பழகிய உடம்பு தாங்கும் அளவை, முதல் தடவை எடுக்கிற உடம்பு தாங்காது. சிறுநீரகம் கெட்டவருக்கு இன்னும் மோசம். அவரை நீங்கள் போகும் மையத்துக்கு அன்றைக்கே கூட்டிப்போங்கள், அல்லது உங்கள் வீட்டுக்கு வரும் குழுவிடம் அவர் விவரத்தைச் சொல்லுங்கள்.

எல்லா மெடிக்கலிலும் ஏன் கிடைப்பதில்லை?

இந்தக் கேள்விக்குப் பின்னால் முப்பது வருடத் துயரம் இருக்கிறது. மார்ஃபின் அபினிலிருந்து எடுக்கப்படுவது. அந்த அபினை உலகத்துக்கே விளைவித்துக் கொடுக்கும் நாடு இது. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது. காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகள் அபினைப் பதப்படுத்துகின்றன. அப்படியிருந்தும் 1985 சட்டம் வந்தபின், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் உபயோகம் 90 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. அப்போது ஒரு மருத்துவமனை மார்ஃபின் வாங்க வேண்டுமானால் வேறு வேறு துறைகளிடம் நான்கைந்து உரிமம் எடுக்க வேண்டியிருந்தது. ஒன்று கைக்கு வருவதற்குள் இன்னொன்று காலாவதியாகும். கடைகளும் மருத்துவமனைகளும் வேண்டாம் இந்த வம்பு என்று கைகழுவின. வலி மட்டும் நோயாளியிடம் மிச்சமானது.

கேரளத்தில் நோய்த்தணிப்பு மருத்துவர் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் ஆண்டுக்கணக்காகப் போராடியதும் சேர்ந்துதான் 2014 திருத்தத்தைக் கொண்டுவந்தது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஒருவரிடம் 'அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்' என்ற அங்கீகாரம் வாங்கினால் போதும், மருத்துவமனை மார்ஃபினை இருப்பு வைத்து நோயாளிக்குக் கொடுக்கலாம். இருந்தும் பழைய பயம் இன்னும் போகவில்லை. ஆகவே தெருமுனைக் கடையில் தேடி அலையாமல், புற்றுநோய் மருத்துவமனை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, நோய்த்தணிப்பு மையம் இவற்றில் கேளுங்கள்.

மருத்துவமனை, கிளினிக், மருந்துக்கடை எப்படிச் சேமிக்க வேண்டும்?

அங்கீகாரம் பெற்ற நிறுவனம் போதிய காவலோடு இருப்பை வைக்க வேண்டும். மருந்துக்குப் பொறுப்பான டாக்டரை நியமிக்க வேண்டும். வந்ததும் போனதும் 3-எச் படிவத்தில் அன்றன்று ஏற வேண்டும். பதிவேட்டைக் கடைசிப் பதிவிலிருந்து 2 ஆண்டு காக்க வேண்டும். தனியாகத் தொழில் செய்யும் டாக்டர் தன் சிகிச்சைக்கென்று மார்ஃபின் 500 மில்லிகிராம் வரை வைத்துக்கொள்ளலாம், விற்கக் கூடாது.

மருந்துக்கடைகளைப் பொறுத்தவரை, கெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் போன்ற 'எக்ஸ்' அட்டவணை மருந்துகளுக்கென்றே பூட்டிய தனி அலமாரியோ இழுப்பறையோ வேண்டும், அல்லது பொறுப்பானவர்கள் மட்டும் நுழையக்கூடிய தனி இடம் வேண்டும். சீட்டு இரண்டு பிரதியாக இருக்க வேண்டும். ஒன்றைக் கடை 2 ஆண்டு வைத்திருக்கும். 'எச்-1' அட்டவணை மருந்துக்குத் தனிப் பதிவேடு, 3 ஆண்டு. உங்கள் பெயரையும் டாக்டர் பெயரையும் கேட்டு எழுதுகிறார்களே என்று கடையில் சண்டை போடாதீர்கள். எழுதாத கடையில்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

ஃபென்டனில் ஒட்டுப்பட்டையை எப்படி வைப்பது?

புதிய பட்டைக்கு மாத்திரைக்குச் சொன்னதே போதும், உறையைக் கிழிக்காமல் வையுங்கள். கவனம் வேண்டியது கழற்றிய பட்டையில்தான். 72 மணி நேரம் ஒட்டியிருந்தபின்னும் கணிசமான மருந்து அதில் மிச்சமிருக்கும். குப்பைக்கூடையில் கிடக்கும் பட்டையைக் குழந்தை எடுத்துக் கையில் ஒட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பசையுள்ள பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து ஒட்டி, உடனே அப்புறப்படுத்துங்கள். கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றலாம்.

குழந்தை மாத்திரையை விழுங்கிவிட்டால்?

தூங்கி வழிகிறதா, மூச்சு மெதுவாகிறதா, கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்குகிறதா என்று காத்திருந்து பார்க்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். மார்ஃபின் என்று மறைக்காமல் சொல்லுங்கள், அதை முறிக்கும் மருந்து இருக்கிறது.

போலீஸ் வந்து கேட்டால்?

கவரை எடுத்துக் காட்டுங்கள். அசல் சீட்டைக் கையில் கொடுப்பதாக இருந்தால் நகலை உங்களிடம் வைத்துக்கொண்டு, பெற்றதற்கு எழுதி வாங்குங்கள். உடலைச் சோதனை போட வந்தால், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதிக்கக் கேட்கும் உரிமை 50-ஆவது பிரிவில் உங்களுக்கு உண்டு. மருந்து எழுதிய டாக்டரின் கைப்பேசி எண்ணைக் கவரின் மேலேயே எழுதிவையுங்கள். அந்த ஒரு அழைப்பிலேயே பெரும்பாலும் விஷயம் தெளிவாகிவிடும்.

அட்டை தொலைந்துவிட்டால், திருடுபோனால்?

மருந்து கொடுத்த இடத்தில் அன்றைக்கே சொல்லுங்கள். காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிட்டால், அந்த மருந்து நாளைக்கு வேறொருவர் கையில் அகப்பட்டாலும் உங்களுக்குக் கவலையில்லை. மறுபடி மருந்து எழுதும் டாக்டருக்கும் அந்த ரசீது உதவும்.

பயணம் போகும்போது?

நாட்டுக்குள் என்றால் அட்டையோடும் கவரோடும், போகிற நாட்களுக்குத் தேவையான அளவு மட்டும் எடுத்துப்போங்கள். ரயிலானாலும் விமானமானாலும் கைப்பையில் வையுங்கள். வெளிநாடு என்றால் நம் ஊர்ச் சீட்டு அங்கே போதாது. பிள்ளைகளைப் பார்க்கச் சிங்கப்பூர் போகிறவர்கள் அங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையத்திடமும், துபாய், அபுதாபி போகிறவர்கள் அங்குள்ள மருந்து அனுமதி அதிகாரிகளிடமும் கிளம்புவதற்கு முன்பே அனுமதி வாங்க வேண்டும். அந்த நாடுகளில் இந்தச் சட்டங்கள் மிகக் கடுமை.

நோயாளி இறந்துவிட்டார். மீதி மாத்திரையை என்ன செய்வது?

அவருக்கென்று வழங்கிய மருந்து அது. அவர் போனபின் வைத்திருக்க வீட்டில் வேறு யாருக்கும் சட்டப்படி காரணமில்லை. ஆனாலும் உடனே செய்யச் சொல்ல எனக்கு மனம் வராது. காரியமெல்லாம் முடியட்டும். அதுவரை டப்பா பூட்டியே இருக்கட்டும், சாவி உங்களிடம் இருக்கட்டும். துக்கத்துக்கு வருகிற கூட்டத்தில்தான் மாத்திரை காணாமல் போகும்.

பிறகு எண்ணிப் பாருங்கள். மருந்து கொடுத்த மையத்தில் திரும்பப் பெற்றுக்கொண்டால் கொடுத்துவிடுவதுதான் நல்லது. அதற்கு வழியில்லை என்றால், மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-இல் வெளியிட்ட வழிகாட்டுதலைப் பின்பற்றலாம். தேவை முடிந்ததும் குப்பையில் போடாமல் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட வேண்டிய 17 மருந்துகளை அது பட்டியலிட்டிருக்கிறது. மார்ஃபின், ஃபென்டனில், டிரமடால், டயஸிபாம் எல்லாம் அதில் உண்டு. மற்ற மருந்துகளை இப்படிக் கொட்டக் கூடாது.

ஒருவர் எண்ண, இன்னொருவர் பக்கத்தில் இருக்கட்டும். நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு, 'மீதி 34 மாத்திரை, அப்புறப்படுத்தியாயிற்று' என்பதுபோல எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அந்த நோட்டையும் சீட்டையும் இரண்டு வருடம் பத்திரமாக வைத்திருங்கள்.